இரப்பர்க் குழாயும் விரல் நுனியும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோருள் பலர் அதன் விரைவைப் பாராட்டுவர். சிலர் அதன் வடிவை வியப்பர். இன்னுஞ் சிலர் என்ஜினின் ஆற்றலைக் குதிரைக் கணக்கில் எடுத்துரைப்பர். அவ்வென்ஜினுக்கும் முன்புறத்து ரேடியேட்டருக்கும் இடையே வளைந்து கிடக்கும் இரண்டு இரப்பர்க் குழாய்களைப் பாராட்டிப் பேசுவாரை யாம் இதுகாறும் கண்டிலேம். பட்டறைகளில் அவற்றை ஓஸ் என்று வழங்குவர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ நீளம் இருக்கும், நிறமோ கருமை, பார்ப்பதற்கு அழகொன்றும் இல்லை. இத்தகைய பொருளும் ஒரு கல்லூரி மலரில் இடம்பெறத் தக்கதோ என அன்பர் சிலர் புன்னகை செய்யக்கூடும். எம் தமக்கையார் வாரத்திற்கு இருமுறை அக்குழாய் ஒன்றை நம்பி மலையேறி வந்தவராதலின், யாம் அங்ஙனம் நினைக்க இயலவில்லை.

குழாயின் அருமையை அறிவதற்கு என்ஜினின் வெம்மையை முதற்கண் அறிதல் வேண்டும். என்ஜினுள் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதி என்ஜினின் உடலையே சுடும். அச்சூட்டை இடைவிடாது அகற்றாவிடின் சில நிமிடங்களில் உலோகம் விரிந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், என்ஜின் பாழாகும். 1886-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் என்பார் செய்த முதல் வண்டியில் நீர் கொதித்து ஆவியாய்ப் போவதே குளிர்விக்கும் முறையாயிருந்தது. ஆதலின் அடிக்கடி நீர் வார்க்க வேண்டியிருந்தது. 1901-இல் வில்ஹெல்ம் மைபாக் என்பார் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேனடைபோன்ற கண்ணறைகளையுடைய ரேடியேட்டர் ஒன்றை அமைத்தார். அதன்பின் ஒரே நீரைச் சூடேற்றுவதும், காற்றில் ஆற்றுவதும், மீண்டும் என்ஜினுக்கு அனுப்புவதும் எளிதாயிற்று.

அந்நீர் போகவும் வரவும் வழி வேண்டுமன்றோ? மேற்குழாய் சூடேறிய நீரை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்லும். கீழ்க்குழாய் ஆறிய நீரைப் பம்பினிடம் திருப்பிக் கொணரும். இவ்வழியை இரும்பாலோ செம்பாலோ அமைத்தல் ஆகாதோ எனின், ஆகாது. என்ஜின் ஓடும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டே இருப்பது. ரேடியேட்டரோ வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாது நிற்பது. அசைவதற்கும் அசையாததற்கும் இடையே வன்மையான குழாயை வைத்தால் அது விரைவில் விரிந்துவிடும். ஆகவே வளைந்து கொடுக்கும் இரப்பர் வேண்டப்பட்டது. பச்சை இரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பார் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டறிந்தார். இக்காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் எத்திலீன், புரோப்பிலீன் ஆகியவற்றினின்றும் செய்யப்படும் செயற்கை இரப்பரால் ஆனவை. உள்ளே ஓர் இரப்பர்ப் படலம், அதன்மேல் பின்னிய நூல் வலை, அதற்கும் மேலே மற்றோர் இரப்பர்ப் போர்வை என மூன்று அடுக்குகள் உண்டு. குழாயின் வலிமை நடுவிலுள்ள நூலில் இருக்கின்றது. அந்நூலைக் காப்பனவே மற்றை இரண்டும்.

இன்னும் ஒன்று. ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் வாயிலுமாகும். சதுரச் சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அளவு அழுத்தம் கூடினால், நீர் 100 பாகையில் கொதியாது, ஏறக்குறைய 120 பாகையிலேயே கொதிக்கும். மலைநாட்டில் இவ்வுதவி பெரிதும் வேண்டப்படுவது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் மூடி தரும் அவ்வழுத்தம் முழுவதையும் தாங்குவது யாது? அந்த இரப்பர்க் குழாயே. வண்டி ஏற்றத்தில் திணறும்போது குழாயும் உடன் திணறுகின்றது.

நிற்க. எம் தமக்கையார் பழனிமலைச் சாரலில் ஒரு சிற்றூரில் எம்முடன் வாழ்பவர். சிறுநீரகம் இரண்டும் தொழிலிழந்தமையால், வாரந்தோறும் புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதுரைக்குச் சென்று இயந்திரத்தின் வாயிலாக இரத்தத்தைத் தூய்மை செய்துகொள்ளும் நிலையில் உள்ளார். விடியுமுன் புறப்பட்டு, மலைச்சாலையில் இறங்கி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாக மதுரையை அடைவோம். நான்கு மணி நேரம் அவர் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பார். மாலையில் அயர்ந்து, பின்னிருக்கையில் சாய்ந்தவாறே, பேச்சின்றித் திரும்புவார். அம்மாலைப் பயணத்தில்தான் வண்டி மலையேற வேண்டும். வளைவுகள் பல, கைத்தொலைபேசி பேசாத இடங்கள் பல, இருட்டிய பின் காட்டெருமைகள் சாலையில் நிற்பதும் உண்டு. அவ்விடத்தில் வண்டி நின்றுவிட்டால் அயர்ந்த நோயாளரை யாது செய்வது என்னும் எண்ணம் ஒவ்வொரு வளைவிலும் எம்முடன் வந்தது.

2023-ஆம் ஆண்டு ஆடித் திங்களில், ரேடியேட்டரின் பக்கத்திலுள்ள சேமக்குப்பியில் நீர் குறைந்து வருவதைக் கண்டோம். வாரத்திற்கு ஒரு விரற்கிடை குறையும், நிரப்புவோம், மீண்டும் குறையும். வண்டி நிற்குமிடத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை. வெப்பங் காட்டும் முள்ளும் நடுவிலேயே நின்றது. நகரத்துப் பெரிய பட்டறை ஒன்றிற்குக் கொண்டு சென்றோம். அவர்கள் மேற்குழாயின் கிளிப்பை ஒரு சுற்று முறுக்கிவிட்டு, இனியும் குறையுமாயின் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கும் எழுதித் தந்தனர். அடுத்த வாரமும் நீர் குறைந்தது.

வத்தலக்குண்டில் சாலையோரப் புளியமரத்தடியில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றி லாரி ஓட்டுநர் சிலர் எமக்குக் கூறியிருந்தனர். வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம் சென்றோம். மறுநாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாள். தமக்கையாரும் உடன் வந்து மரத்தடியிலிருந்த பலகையில் அமர்ந்தார்.

பெரியவர் முதலில் ஒன்றும் செய்யவில்லை; என்ஜின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் என்ஜினின் உள்ளே கேஸ்கட் பழுதாகி நீர் கலக்கின்றது என்பது பொருள். அது தெளிவாயிருந்தது. மூடியின் உள்ளிருக்கும் இரப்பர் வளையத்தை நகத்தால் வருடிப் பார்த்தார், பழுதில்லை. பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பம்பின் உள்ளடைப்புத் தேய்ந்தால் அத்துளை வழியே நீர் கசியும். அதுவும் உலர்ந்திருந்தது. ரேடியேட்டரின் கண்ணறைகளில் கறையில்லை. பின்னர் ரேடியேட்டரின் வாயில் அழுத்தமானி பொருத்திய ஒரு கைப்பம்பை வைத்து, மூடியில் எழுதியிருந்த அளவுவரை அழுத்தம் ஏற்றிக் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் முள் சிறிதே இறங்கிற்று. எங்கோ கசிவு உண்டென்பது உறுதியாயிற்று. ஆனால் துளியொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்பொழுது அவர் கண்ணை விட்டு விரலைத் துணைக்கொண்டார். மேற்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கிளிப்பின் பின்புறத்தைத் தடவினார். விரலில் வெளிறிய பச்சைநிறப் பொடி ஒட்டிற்று. கசிந்த நீர் சூட்டில் உடனே உலர்ந்து, தன்னிலிருந்த பொருளை மட்டும் அங்கே படிய விட்டிருக்கின்றது. தரையில் ஈரமின்மைக்குக் காரணம் இதுவே. "கிளிப்பை இன்னும் முறுக்கினால் போதுமோ?" என்று வினவினோம். அவர் எம் கையைப் பற்றிக் குழாயின் நடுவில் வைத்து, "பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பாருங்கள், ஐயா" என்றார். அது இறுகி, அழுத்தினால் மீண்டெழும் தன்மையதாயிருந்தது. பிறகு கிளிப்பிற்கு இரண்டு விரற்கிடை இப்பால் வைத்துக் கிள்ளச் சொன்னார். அவ்விடம் தளர்ந்து குழைந்தது. உள்ளே ஏதோ பிளவுபட்டு விலகுவதும் விரலுக்குப் புலப்பட்டது. மேலே பார்த்தாலோ இரண்டிடமும் ஒரேபோல் கருத்து மினுங்கின. "முறுக்கினால் இன்று கசியாது, நாளை மலையில் வெடிக்கும்" என்றார் பெரியவர்.

கழற்றிய விதமும் கற்கத் தக்கதாயிருந்தது. நீரை ஒரு பாத்திரத்தில் வடித்தார். அந்நீரில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாய்கள் நக்கிவிடும் என்று அதனை மூடி வைத்தார். கிளிப்பைத் தளர்த்திய பின் குழாயைப் பிடித்து இழுக்கவில்லை. பல ஆண்டு சூட்டில் இரப்பர் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். வலிந்து இழுத்தால் ரேடியேட்டரின் மெல்லிய கழுத்து உடையும். கத்தியால் குழாயின் முனையை நீளவாட்டில் கீறி, வாழைப்பட்டைபோல் உரித்தெடுத்தார். கழுத்தில் ஒட்டியிருந்த பழைய இரப்பரையும் உப்பையும் துணியால் துடைத்துப் பளபளக்கச் செய்தார். அவ்வண்டிக்குரிய வளைவோடு வார்க்கப்பட்ட புதுக்குழாயை வாங்கி வருமாறு பணித்தார். நேர்க்குழாயை வளைத்து வைத்தால் வளைவில் நெரிந்து நீரோட்டம் தடைப்படும் என்பது அவர் கூறிய காரணம். அதன் விலை சில நூறு ரூபாயே.

புதுக்குழாயின் வாயை நீரில் நனைத்துப் பொருத்தினார். எண்ணெயோ கிரீசோ தடவலாகாதோ எனின், இவ்வகை இரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். உலோகக் கழுத்தின் விளிம்பில் சிறு வரம்பொன்று உண்டு. கிளிப்பு அவ்வரம்பைத் தாண்டி உட்புறமாக அமைய வேண்டும். வரம்பின்மேல் அமைந்தால் வழுக்கும். திருகினால் இறுகும் இவ்வகைக் கிளிப்பைக் கடற்படையில் பணியாற்றிய லம்லி ராபின்சன் என்னும் ஆங்கிலேயர் செய்து, 1921-இல் உரிமை பெற்றார் என்பதைப் பின்னர் அறிந்தோம். பெரியவர் அதனைத் திருப்புளியால் அளவாகவே முறுக்கினார். மிக முறுக்கினால் பட்டை இரப்பரை அறுத்துவிடும். கீழ்க்குழாயும் அதே வயதினது ஆதலின் அதனையும் மாற்றினார். பம்பு நீரை உறிஞ்சும்போது கீழ்க்குழாய் சப்பி ஒட்டிக்கொள்ளாதவாறு அதனுள்ளே கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. மீண்டும் நீர் நிரப்பி, மூடியைத் திறந்தவாறே என்ஜினை ஓடவிட்டார். உள்ளே சிக்கிய காற்று குமிழ்குமிழாய் வெளியேறிற்று. மேற்குழாய் சூடேறிய பின்னரே, தெர்மோஸ்டாட் என்னும் வாயில் திறந்து நீர் சுழலத் தொடங்கியது என்று உறுதிகொண்டு, அளவு நிரப்பி மூடினார்.

இறுதியாகப் பழைய குழாயை நீளவாட்டில் பிளந்து தமக்கையாரின் மடிமீது ஒரு தாளில் வைத்தார். உட்புறம் முழுவதும் மயிரிழைபோன்ற பிளவுகள். முனைக்கு அருகில் அப்பிளவுகள் ஆழ்ந்து, நூல் வலை வெளிப்பட்டு, நீரில் ஊறி இற்றிருந்தது. இஃது ஏன் உள்ளிருந்தே நிகழ்கின்றது? வேறுவேறான இரு உலோகங்களுக்கு இடையே மின்னோட்டத்தைச் செலுத்தவல்ல திரவம் நின்றால் அங்கே மின்கலம் ஒன்று அமையும் என்பதை 1800-இல் வோல்ட்டா உலகிற்குக் காட்டினார். வண்டியிலும் அதுவே நிகழ்கின்றது. என்ஜின் ஓர் உலோகம், ரேடியேட்டர் மற்றோர் உலோகம், இடையே குளிர்நீர். இரப்பரில் கலந்துள்ள கரித்தூள் மின்னோட்டத்திற்கு இடங்கொடுக்கும். அம்மெல்லிய மின்செயலால் குழாயின் உட்படலம் நாளடைவில் பிளக்கின்றது. பிளவு வழியே நீர் புகுந்து நூலைக் கெடுக்கின்றது. மேற்போர்வை கடைசிவரை பளபளப்பாகவே இருக்கும். மேற்குழாய் மிகுந்த சூட்டிற்கு உள்ளாவது. ஆகவே பெரும்பாலும் அதுவே முந்திக் கெடும். அதிலும் முனைகளே முந்தும்.

தமக்கையார் அக்குழாயின் நடுவையும் முனையையும் மாறி மாறிக் கிள்ளிப் பார்த்தார். பிறகு தம் இடக்கையை நீட்டி, "தம்பி, என் கையையும் இப்படித்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்" என்றார். அவருடைய முன்கையில் நாடியையும் சிரையையும் மருத்துவர் இணைத்துள்ளனர். அவ்விணைப்பில்தான் இயந்திரத்தின் ஊசிகள் குத்தப்படும். இரத்தம் அதனூடே நன்கு ஓடும்வரை தோலின்மேல் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தோன்றும். அவ்வதிர்வு குறைந்தால் உள்ளே அடைப்பு உண்டாகின்றது என்பது குறிப்பு. ஊசி குத்துமுன் செவிலியர் ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் பார்ப்பர். நோயாளரும் நாள்தோறும் தாமே பார்த்துக்கொள்ளுமாறு பயிற்றுவிக்கப்படுவர். தமக்கையார் காலையில் எழுந்தவுடன் செய்யும் முதற்செயல் அது. அவர் மேலும் ஒன்றும் கூறவில்லை. பெரியவர் அவர் கையைச் சற்று நேரம் நோக்கியிருந்து, கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மறுநாள் சனிக்கிழமை சென்று மாலையில் மலையேறினோம். தமக்கையார் வழிநெடுக உறங்கினார்.

அன்றுதொட்டு யாம் ஒரு வழக்கம் கைக்கொண்டுள்ளோம். திங்கள்தோறும் முதல் நாள், என்ஜின் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், நான்கு முனைகளையும் கிள்ளிப் பார்க்கின்றோம். வண்டியுடைய அன்பர்களும், நாளை வண்டியுடையராகும் மாணவரும் இதனை மேற்கொள்வராக. குழைவு ஒரு குற்றம். கல்லாய் இறுகி நொறுங்குவது போன்ற ஒலி எழுவதும் குற்றம். ஓரிடம் உப்பியிருத்தல், எண்ணெய் பட்டு வழுவழுத்தல், விசிறிவாரில் உராய்ந்து தேய்தல், கிளிப்பருகே பொடி படிதல் ஆகியனவும் அவ்வாறே. இவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாது மாற்றுக. குற்றம் யாதும் புலப்படாவிடினும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று என்பர் பட்டறையினர்.

வழியிடையே குழாய் வெடிக்குமாயின் உடனே வண்டியை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். நீர் முழுவதும் ஒழுகிய பின் வெப்பங் காட்டும் முள்ளை நம்பலாகாது. நீரில் முழுகியிருந்தாலன்றி அதன் உணர்கருவி மெய்யுரைப்பதில்லை. சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதீர்; அழுத்தம் நீங்கிய அக்கணமே நீர் கொதித்துப் பாய்ந்து முகத்தைச் சுடும். நன்கு ஆறிய பின் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்த வாரால் கசியுமிடத்தை இறுகச் சுற்றி, நீரைச் சிறுகச் சிறுக வார்த்து, அழுத்தம் ஏறாதவாறு மூடியைத் தளர வைத்து, மெல்ல அருகிலுள்ள ஊரை அடையலாம். சுடும் என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கக்கூடும் என்பதையும் மறவற்க.

நம் கல்லூரியில் பயில்வோர் அழுத்தத்தின் விதியையும், கொதிநிலையின் விதியையும், மின்கலத்தின் தன்மையையும் கற்கின்றனர். தேர்வில் நன்றாகவும் எழுதுகின்றனர். அப்பெரியவர் அவ்விதிகளின் பெயரை அறியார். ஆயினும் மூன்றும் ஒரே குழாயில் ஒன்றுகூடிச் செய்த கேட்டை, நகரத்துப் பட்டறை காணாதபோது அவர் விரல் கண்டது. நூலறிவு வேண்டா என்று யாம் கூறவில்லை. குழாய் உள்ளிருந்து பிளப்பதன் காரணத்தை எமக்கு விளக்கியது நூலே. பிளந்துள்ளது என்பதை அறிவித்ததோ விரல். இரண்டும் ஒருவரிடத்தே கூடுமாயின் அவரை நம்பி எத்துணைபேர் மலையேறலாம்!

பிளந்த அப்பழங்குழாயை நம் கல்லூரியின் பௌதிகச் சாலைக்கு அளித்துள்ளோம். ஆசிரியர் அன்புகூர்ந்து அதனை மேசைமேல் வைக்க இசைந்துள்ளனர். அவ்வழியே செல்லும் மாணவர் முதலில் அதன் மேற்புறத்தைப் பார்க்க. பின்பு நடுவையும் முனையையும் கிள்ளுக. அதன் பின்னரே திருப்பி உட்புறத்தைக் காண்க. அதற்கு இரண்டு நிமிடமே ஆகும்.